உங்களுக்குத் தெரியுமா? பருவுக்கு மாத்திரை சாப்பிடும்போது வாக்சிங் செய்தால் தோலும் உரியலாம்!

முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தோலை மிகவும் மென்மையாக்கிவிடும். வாக்ஸ் துணியை இழுக்கும்போது முடியோடு மேல்தோலும் சேர்ந்து வந்துவிடலாம், தழும்புகூட விழலாம். மாத்திரையை நிறுத்தி 6 மாதம் போகட்டும் என்பதே தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. ரெட்டினால் க்ரீம் பூசுகிறவர்களும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். பார்லரில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

● வாக்சிங்குக்கு முதல் நாள் ஷேவ் செய்துகொண்டு போகாதீர்கள். முடி 6 மி.மீ., அதாவது ஓர் அரிசி நீளமாவது இருந்தால்தான் வாக்ஸ் பிடிக்கும்.

● தடவுவது முடி வளரும் திசையில். இழுப்பது எதிர்த்திசையில், தோலை ஒட்டினாற்போல, ஒரே இழுப்பாக. மேலே தூக்கி இழுத்தால் முடி பாதியில் அறுந்து, பிறகு தோலுக்குள்ளேயே சுருண்டு சிறு கட்டியாகும். முதல்முறை செய்பவர்கள் பயப்படும் பருக்கள் பலவும் இதனால் வருபவைதான்.

● வாக்சிங் செய்த அன்று முழுக்க வெந்நீர்க் குளியல், வெயில், ஜிம் வேண்டாம்.

● உடம்பில் பட்ட குச்சியை மறுபடி வாக்ஸ் டப்பாவில் முக்கினால் கிருமி அடுத்தவருக்கும் போகும். தயங்காமல் புதுக் குச்சி கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.