மூன்றாவது இழை

திருமலையில் சாமி பார்த்துவிட்டு, கையோடு காளஹஸ்திக்கும் போய்வருகிற தமிழ்நாட்டுப் பயணிகள் ரேணிகுண்டா தாண்டி ஏர்ப்பேடு வழியாகத்தான் போகிறார்கள். பஸ் ஜன்னலில் வந்து மறைகிற ஊர். திருப்பதி ஐசரின் நிரந்தர வளாகம் அங்கேதான். 2015-ல் தொடங்கிய இந்த அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 2017-ல் இயக்குநராக வந்தவர் கிருஷ்ண என். கணேஷ். ஏர்ப்பேடு அப்போது சித்தூர் மாவட்டம். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்.

கணேஷ் அடிப்படையில் டி.என்.ஏ. வேதியியலர். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்திலும், பிறகு புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் உழைத்தவர். 1998-ல் பட்நாகர் விருது பெற்றார்.

சென்ற வாரம் பார்த்த மெர்காப்டோபியூரின் என்ற மருந்து, டி.என்.ஏ.வின் காரம்போல நடித்து செல்லை ஏமாற்றும் போலிக் காரம். புனேயில் கணேஷ் குழு செய்தது வேறு வேலை.

டி.என்.ஏ. என்றால் இரண்டு இழை என்றே பள்ளியில் படிக்கிறோம். மூன்றாவதும் சேரும் என்று ஃபெல்சன்ஃபெல்டும் டேவிஸும் ரிச்சும் 1957-லேயே செயற்கை ஆர்.என்.ஏ. இழைகளில் காட்டிவிட்டார்கள். மூன்று கால் ஜடை போல அது பின்னிக்கொள்வதில்லை; இரட்டைச் சுருளின் அகன்ற பள்ளத்தில் படிந்துகொள்கிறது. வேண்டாத ஜீன் மேல் அப்படி ஓர் இழையைப் படியவைத்தால் அதை வாயடைக்கலாம். ஆசை காட்டுகிற யோசனைதான். ஆனால் மூன்றாவது இழையில் உள்ள சைட்டோசின் என்ற காரம், இரட்டைச் சுருளில் உள்ள குவானைன் என்ற காரத்தைச் சரியாகப் பற்ற ஒரு புரோட்டான் கூடுதலாக வேண்டும். அது அமிலக் கரைசலில்தான் தாராளமாகக் கிடைக்கும். செல்லுக்குள் அமிலத்துக்கு எங்கே போவது?

கணேஷ் குழு 1996-ல் வெளியிட்ட வழி, சைட்டோசினையே திருத்துவது. மெத்தில் ஏற்றிய சைட்டோசினின் நான்காம் இடத்து நைட்ரஜனில் ஸ்பெர்மினைக் கோத்தார்கள். ஸ்பெர்மின் நம் செல்களில் இயல்பாகவே இருக்கும் பொருள். விந்துவில் முதலில் தென்பட்டது. மூன்று இழைகளுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். ஸ்பெர்மினின் நேர்மின்னேற்றம் அந்தத் தள்ளலைத் தணித்தது. புரோட்டானுக்குக் காத்திராமல், உடலின் இயல்பு நிலையை ஒட்டிய பி.எச். 7.3-லேயே மும்மைச் சுருள் நின்றது.

மருந்துக் கடைவரை இது வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இழையைச் செல்லுக்குள் அனுப்புவதே பெரும்பாடு.

தள்ளலை ஒழிக்க இன்னொரு வழி, முதுகெலும்பையே மாற்றிவிடுவது. 1991-ல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சன் குழு சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் நீக்கிவிட்டு, புரதத்தின் பாணியில் ஒரு சங்கிலி செய்து அதில் காரங்களைத் தொங்கவிட்டது. அதுதான் பி.என்.ஏ. மின்னேற்றம் கிடையாது, நொதிகளாலும் வெட்ட முடியாது. கணேஷ் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தச் சங்கிலியில் ஃபுளோரின் ஏற்றினால் செல்லுக்குள் எளிதாக நுழைகிறது என்று 2015-ல் அவர் குழு காட்டியது.

அவருக்குப் பின் திருப்பதி ஐசர் இயக்குநரான சாந்தனு பட்டாச்சார்யாவும் டி.என்.ஏ. வேதியியலரே. அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று நான்கு இழையாக மடியும் டி.என்.ஏ.; நான்கு குவானைன்கள் சதுரமாகக் கைகோக்கும் அமைப்பு. அது அடுத்த வாரம்.

(தொடரும்)