கழுவிய கையை மீண்டும் கழுவுவது ஏன்?

என் அக்கா கை கழுவப் போனால் திரும்பி வர அரை மணித்தியாலம் ஆகும். ஒரு சவர்க்காரக் கட்டி இரண்டு நாளைக்குத்தான் வரும். விரலிடுக்கு வெடித்து இரத்தம் கசிந்தாலும் விடமாட்டார். “வேணுமெண்டு செய்யிறாள்” என்று அம்மா ஏசுவார். நானோ, “கை சுத்தமாத்தான் இருக்கு அக்கா” என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்வேன். அது உதவி என்றே நினைத்திருந்தேன்.

மனநல வைத்தியரிடம் போன பிறகுதான் விளங்கியது. இது ஓ.சீ.டீ. எனும் எண்ணச் சுழற்சி நோய். நூறு பேரில் இரண்டு பேருக்காவது வாழ்நாளில் வரக்கூடியது.

கண்களுக்குச் சற்று மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி, ஏதாவது பிழை என்றால் எச்சரிக்கும். மூளையின் உட்பகுதியிலுள்ள வால்வடிவக் கரு அந்த எச்சரிக்கையை வடிகட்டும். கதவைப் பூட்டியதும் நமக்கு ‘சரி, முடிந்தது’ என்றிருக்கின்றதே, அந்த உணர்வு இந்நோயாளருக்குக் கிடைப்பதில்லை. வடிகட்டி சரிவர இயங்காததால் எச்சரிக்கை சுற்றிச் சுற்றி வருகின்றது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கை சுத்தம் என்று அக்காவின் அறிவுக்குத் தெரியும். ஆனால் மனம் அடங்காது.

2013இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் எலிகளின் மூளையில் இதே பாதையை ஒளியால் தினமும் சில நிமிடங்கள் தூண்டினர். சில நாட்களில் எலிகள், ஒளி இல்லாதபோதும் ஓயாமல் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்தன. எலிக்கு என்ன பிடிவாதம்?

கழுவியதும் சிறு ஆறுதல் வரும். வினையே அதுதான். ‘கழுவினால்தான் தப்பலாம்’ என்று மூளை பழகிவிடுகின்றது. என் நாற்பது தடவையும் அந்தப் பழக்கத்துக்குத் தீனிதான்.

மருந்தோடு பயிற்சியும் தந்தார்கள். கதவுப்பிடியைத் தொட வேண்டும், கழுவக்கூடாது, பதற்றம் தானாகத் தணியும்வரை இருக்க வேண்டும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு இத்தகைய பயிற்சியும் கொடுத்து மூளையைப் படம்பிடித்தார்கள். இரு சாராரிலும், குணம் கண்டவர்களுக்கு வால்வடிவக் கருவின் மிகை இயக்கம் குறைந்திருந்தது.

முதல் நாள் ஐந்து நிமிடம். அக்கா அழுதார். “சுத்தமோ தங்கச்சி?” என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது என் பங்கு. அதைப்போல் கஷ்டமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. மருந்து பிடிக்கவும் இரண்டு மூன்று மாதம் சென்றது.

போன கிழமை மீன் வெட்டிவிட்டு ஒரேயொரு தடவை கழுவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்தபடி தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.