மீன் ஏற்றப் பழைய பிக்கப்பா, சிறிய எஸ்யூவியா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நகையை அடகு வைத்தோ, சுய உதவிக் குழுவில் கடன் வாங்கியோ பழைய வண்டி வாங்க நினைக்கும் குடும்பங்கள் பல. ‘மீனும் போகணும், குடும்பமும் போகணும், அதே விலைக்குச் சிறிய எஸ்யூவி கிடைக்கிறதே?’ என்ற கேள்வி அங்கே எழுகிறது. பொன்னேரி பக்கம் காய்கறி, நெல் விதை ஏற்றும் விவசாயிகளுக்கும் இதே கேள்விதான்.

முதலில் எடையைப் பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 150 கிலோ இறால், மடவை என்றால் ஐஸுடன் 300 கிலோ. பெட்டிகளும் மூன்று ஆட்களும் சேர்ந்தால் 500 கிலோவைத் தாண்டும். நான்கு மீட்டர் நீளத்துக்குட்பட்ட எஸ்யூவி ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ தாங்கும். மாருதி பிரெஸ்ஸாவில் பின்புற இடம் 328 லிட்டர்தான். ‘சின்ன யானை’ எனப்படும் டாடா ஏஸ் ஏறத்தாழ 750 கிலோவும், அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன்னும் ஏற்றும். எடையை விட மோசமானது ஐஸ் உருகி வடியும் உப்பு நீர். காருக்குள் அது கம்பளத்துக்கு அடியில் இறங்கி ஒயரிங்கை அரிக்கும். நாற்றமும் எளிதில் போகாது.

வெள்ளைப் பலகைக் காரில் வாடகைக்குச் சரக்கு ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி உண்டு. மஞ்சள் பலகை என்றதும் பயப்பட வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. சாதாரண எல்.எம்.வி. உரிமத்திலேயே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

பிக்கப்புக்கு இரண்டு குறைகள் உண்டு. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், காருக்குப் பதினைந்து ஆண்டு வரை அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று ஆட்கள். மீன் விற்கப் போகும் பெண்களைக் கூடைகளோடு பின்தொட்டியில் உட்கார வைப்பது சட்டப்படி தவறு. விபத்தானால் அவர்கள் குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம். கேபினில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர் மட்டுமே.

என் கணக்கில், நாலைந்து வீட்டுப் பாட்டைச் சேர்த்து ஏற்றுபவருக்குப் பிக்கப்தான் சரி. தினம் 40, 50 கிலோதான் என்றால் இரண்டுமே வேண்டாம். ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனம் போதும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அதற்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்திருந்தார்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழைய பிக்கப்பைப் பெயின்ட் பார்த்து வாங்காதீர்கள். முன்பு மீன் ஏற்றிய வண்டியா என்று கேளுங்கள். பகலில், தொட்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது. ‘பொத்’தென்று செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், பிரேக் குழாய் இரண்டிலும் துரு முதலில் பிடிக்கும். எஸ்யூவிதான் என்று முடிவு செய்தவர்கள் சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா?

பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு எஃப்.சி., காப்பீடு, அடமானம் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும் வரை முழுத் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.