முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் வெனிஸ்

வெனிஸ் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம், ஓட்டம் வெனிஸில் தொடங்குவதே இல்லை என்பது. அக்டோபர் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்த்ரா என்ற சிற்றூரில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து 42.195 கிலோமீட்டர். அதில் முதல் முப்பது கிலோமீட்டரில் கோண்டோலாவும் இல்லை, பளிங்கு மாளிகை வரிசையும் இல்லை. சமவெளி, சின்னச் சின்ன ஊர்கள், ஒரு தொழிற்பேட்டை, அடுக்குமாடிக் குடியிருப்புகள். "வெனிஸ் என்று சொல்லி ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஓடவிடுகிறார்களே" என்று முனகாத வெளிநாட்டு ஓட்டக்காரர் குறைவு.

என் கட்சி வேறு. இந்த ஓட்டத்தின் அருமையே அந்த முப்பது கிலோமீட்டர்தான்.

காரணம் எளிது. கால்வாய்கள் ஓடும் அந்தப் பழைய தீவு நகரத்தில் 1951ஆம் ஆண்டு சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. வாடகை ஏறியது, வீடுகள் விடுதிகளாயின, மளிகைக்கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கிறார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பார்க்கிறது மாநகராட்சி. வெனிஸ் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு இந்தப் பக்கம், கரையில் உள்ள மெஸ்த்ரேயிலும் மார்கேராவிலும் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணி ரயில் ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்காத இந்த ஊர்களின் தெருக்களில், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டும் பாட்டிகளைப் பார்த்தபடி ஓட முடிவது ஆண்டில் இந்த ஒரு நாள்தான்.

ஸ்த்ராவிலேயே தொடங்கலாம். பிரெந்தா கால்வாயின் கரையில் இருக்கிறது ஊர். கோடை வந்தால் நகரத்தின் புழுக்கத்திலிருந்து தப்பிக்க வெனிஸ் செல்வந்தர்கள் இந்தக் கரை நெடுகத் தோட்ட மாளிகைகள் கட்டினார்கள். அவற்றில் பெரியது வில்லா பிசானி. வெனிஸ் குடியரசின் தலைவரை டோஜ் என்பார்கள். அந்தப் பதவிக்கு 1735இல் வந்தவர் அல்விசே பிசானி. அவருடைய குடும்பம், தாங்கள் யாரென்று காட்டுவதற்காகவே கட்டிய வீடு அது. கூடத்தின் மேற்கூரையில் தியெப்போலோவின் ஓவியம். 1807இல் நெப்போலியன் அதை விலைக்கு வாங்கினார். 1934 ஜூனில் ஹிட்லரும் முசோலினியும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டதும் அதே வீட்டில்தான். கொசுக்கடி பெரும்பாடாக இருந்ததாம். கொசுக்கள் தங்களால் முடிந்ததைச் செய்திருக்கின்றன.

ஸ்த்ராவைச் சுற்றிய ஊர்களுக்கு ஒரு தொழில் உண்டு: செருப்பு. பாரிஸ், மிலன் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் விலையுயர்ந்த பெண்கள் காலணிகளில் பல இங்கேதான் தைக்கப்படுகின்றன. ஊரில் செருப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. குதிகால் உயர்ந்த செருப்புக்குப் பேர்போன ஊரில் ஆயிரக்கணக்கானோர் ரப்பர் ஷூவோடு வந்து கூடுகிறார்கள்.

துப்பாக்கி வெடித்ததும் கால்வாயை ஒட்டியே ஓட்டம். ஃபியெஸ்ஸோ, தோலோ, மீரா, ஒரியாகோ என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாதுவா நகரத்திலிருந்து வெனிஸ் போகும் பயணிகள் ஒரு காலத்தில் இந்த வழியில்தான் படகில் போனார்கள். கரையில் குதிரை நடந்து படகை இழுக்கும். பக்கிங்காம் கால்வாயில் ஆட்கள் கயிறு கட்டித் தோணி இழுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. தோலோவில் பழைய நீர்ச்சக்கர ஆலை இன்னும் நிற்கிறது. ஓவியர் கனலெத்தோ வரைந்த இடம் அது. கொஞ்சம் தள்ளி மால்கொந்தெந்தாவில் பல்லாதியோ கட்டிய வில்லா ஃபோஸ்கரி. நீரோட்டத்துக்கு முதுகு காட்டாமல், வாசலைத் தண்ணீரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் விருந்தாளி படகில்தானே வருவார்.

பார்க்க அமைதியாக இருக்கும் இந்தக் கால்வாய், உண்மையில் ஒரு பெரிய பொறியியல் சண்டையின் மிச்சம். பிரெந்தா ஆறு முன்பு நேராக வெனிஸைச் சூழ்ந்த காயலில் போய் விழுந்தது. கொண்டுவந்த வண்டல் காயலைத் தூர்த்தது. தண்ணீர் வற்றினால் வெனிஸுக்கு அரணும் போயிற்று, துறைமுகமும் போயிற்று. எனவே குடியரசு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புதுத் தடங்கள் வெட்டி ஆற்றையே தெற்கே திருப்பியது. பழைய தடத்தில் படகு விடுவதற்கு வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் விட்டுவைத்தது. ஓடுபவருக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ பளபளப்பது அந்தத் தண்ணீர். தன்னைச் சுற்றி நீர் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் ஆறுகளை விரட்டிய நகரம் உலகில் அதிகம் இருக்காது.

அடுத்து மார்கேரா. வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போகும். நான் தாண்டப் போவதில்லை. 1917இல் ஜுசெப்பே வோல்பி என்ற தொழிலதிபர் முன்னின்று, காயலின் ஓரத்துச் சதுப்பைத் தூர்த்து இந்தத் தொழில் துறைமுகத்தை உருவாக்கினார். பின்னாளில் முசோலினியின் நிதியமைச்சராக இருந்தவர். 1932இல் வெனிஸ் திரைப்பட விழாவைத் தொடங்கியதும் அவரே. அங்கே சிறந்த நடிகருக்குத் தரும் கோப்பை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய கணக்கில் தீவு நகரம் அழகுக்கு, கரை நகரம் புகைக்கு.

புகையின் விலையைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு வாயுவைச் சுவாசித்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. கப்ரியேலே போர்த்தொலொஸ்ஸோ என்ற தொழிலாளி, செத்துப்போன சக தொழிலாளர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து அரசு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். 2001இல் ஆலை நிர்வாகிகள் எல்லாரும் விடுதலை. 2004இல் மேல்முறையீட்டில் ஐந்து பேருக்குத் தண்டனை. இந்த வழியே ஓடும்போது யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

மெஸ்த்ரே நகர வீதிகளில் கூட்டமும் சத்தமும் அதிகம். இங்கேதான் 2017இல் ஒரு வேடிக்கை நடந்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள், வழிகாட்டிச் சென்ற மோட்டார் சைக்கிளை நம்பித் தடம் மாறிப் போய்விட்டார்கள். தப்பு தெரிந்து திரும்புவதற்குள் பின்னால் வந்தவர்கள் முந்திவிட்டார்கள். வென்றவர் எயோப் ஃபனியேல். எரித்ரியாவில் பிறந்து, சிறுவனாக இத்தாலிக்கு வந்து, இதே பிரெந்தா ஆற்றின் மேல்கரையில் இருக்கும் பஸ்ஸானோவில் வளர்ந்தவர். 22 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இத்தாலியர் பெற்ற வெற்றி அது. உலகமே சிரித்தது, அதிர்ஷ்டம் என்றது. அந்த மனிதரோ 2020இல் செவியாவில் இத்தாலிய மாரத்தான் சாதனையை முறியடித்தார், 2021இல் நியூயார்க்கில் மூன்றாவதாக வந்தார். மோட்டார் சைக்கிள்காரர் பாதை காட்டியிருக்கத் தேவையில்லை போலும்.

சான் ஜூலியானோ பூங்காவைத் தாண்டினால் கடல் தெரியும். அந்தப் பூங்காகூட ஒரு காலத்தில் குப்பைமேடு. ஆலைக் கழிவுகளை மூடி, மேலே புல் வளர்த்து 2004இல் திறந்தார்கள்.

பிறகு பாலம். மாரத்தான் ஓடுபவர்கள் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு வரும் தளர்ச்சியைச் "சுவர்" என்பார்கள். உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்து, கால் கனத்துப்போகும் கட்டம். வெனிஸில் அந்தச் சுவர் சரியாக விடுதலைப் பாலத்தில் வந்து நிற்கிறது. கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர், அம்பு விட்டதுபோல் நேர்கோடு. நிழல் இல்லை, வளைவு இல்லை, கைதட்டும் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் காயல், எதிர்க்காற்று. தூரத்தில் மணிக்கோபுரம் தெரியும், ஆனால் அருகே வரவே வராது. இந்த ஓட்டத்தை இடையில் விட்டவர்களில் பலர் மனத்தளவில் முதலில் விட்ட இடம் இதுதான் என்பது என் ஊகம்.

பக்கத்திலேயே ஓடும் ரயில் பாலம் பழையது, ஆஸ்திரியர் ஆட்சியில் 1846இல் திறந்தது. அதற்கு முன் வெனிஸைக் கரையோடு இணைக்க எதுவும் இல்லை. 1848இல் நகரம் ஆஸ்திரியாவை எதிர்த்துக் கிளம்பியபோது, முற்றுகையைத் தடுக்க அந்தப் பாலத்தின் சில வளைவுகளைத் தாங்களே உடைத்துவிட்டார்கள். சாலைப் பாலம் 1933இல் முசோலினி ஆட்சியில் வந்தது. அப்போது பாசிசச் சின்னத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. போர் முடிந்ததும் விடுதலையின் பெயரைச் சூட்டினார்கள்.

பாலம் முடிந்து, துறைமுகத்தைச் சுற்றி, ஜாத்தெரே என்னும் அகன்ற கரைக்கு வந்த பிறகுதான் நீங்கள் படத்தில் பார்த்த வெனிஸ். ஆனால் இனிமேல்தான் கால் வலி. வெனிஸ் பாலங்களுக்கெல்லாம் படிக்கட்டு. இந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் 14 பாலங்கள். படிகளின் மேல் மரப்பலகையால் சாய்தளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடை கெஞ்சும்.

பெருங்கால்வாயைக் கடக்கும் இடம்தான் உச்சம். சுங்கச்சாவடி முனையிலிருந்து சான் மார்க்கோ கரைக்கு நிரந்தரப் பாலம் ஏதும் கிடையாது. மாரத்தானுக்காகவே சுமார் 170 மீட்டர் நீள மிதவைப் பாலம் கட்டி, பிறகு பிரித்துவிடுகிறார்கள். விளையாட்டு நிர்வாகிகளின் ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெனிஸுக்கு மிதவைப் பாலம் என்பது நேர்த்திக்கடன். 1575இல் தொடங்கிய கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றியாக ரெதென்தோரே கோயிலைக் கட்டினார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் அதற்கு மிதவைப் பாலம் போட்டு நடக்கிறார்கள். 1630இன் கொள்ளைநோய் நகரத்தில் மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. அதற்கு நேர்ந்துகொண்ட கோயில்தான் ஓட்டப்பாதையில் வரும் சலூத்தே. நவம்பர் 21 அன்று அதற்கும் ஒரு பாலம் உண்டு. ஓட்டக்காரர்களின் பாலம் அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த தம்பி.

சான் மார்க்கோ சதுக்கம் நகரத்திலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று. இலையுதிர்காலத்தில் கடல் பொங்கினால் முதலில் நனைவது அதுதான். 2018 அக்டோபர் 28 ஓட்டத்தில் கடைசிப் பகுதியைக் கணுக்கால் தண்ணீரில் ஓடி முடித்தார்கள். மறுநாள் தண்ணீர் 156 சென்டிமீட்டர் ஏறியது. அடுத்த ஆண்டு நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர். அதன்பிறகு 2020 அக்டோபர் 3 அன்று, காயலின் மூன்று வாய்களிலும் பதித்த 78 இரும்புக் கதவுகளை முதல்முறையாக நிமிர்த்திக் கடலை நிறுத்தினார்கள். மோசே என்ற அந்தத் திட்டத்தில் ஊழல் வழக்குகளுக்கும் தாமதத்துக்கும் குறைவில்லை. ஆனால் கதவுகள் வேலை செய்கின்றன.

முடிவுக்கோடு இருக்கும் கரைக்குப் பெயர் ஏழு தியாகிகள் கரை. 1944 ஆகஸ்ட் 3 அன்று ஜெர்மானியப் படை ஏழு கைதிகளை அந்த இடத்தில் சுட்டுக் கொன்றது, அக்கம்பக்கத்து மக்களைக் கட்டாயப்படுத்தி நிற்கவைத்துப் பார்க்கச் செய்து. பதக்கம் வாங்கிய கையோடு அந்த நினைவுக் கல்லைத் தேடிப் பார்க்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். போட்டி ஓட்டத்துக்குத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றிதழ் இத்தாலியில் சட்டப்படி தேவை. வெளிநாட்டவருக்கான படிவத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு மாதங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இறங்கப்போகும் விமான நிலையத்துக்கு மார்கோ போலோ பெயர் வைத்திருக்கிறார்கள். காயல் என்ற நம் துறைமுகத்தையும் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும் குறித்துவைத்த அதே வெனிஸ்காரர். மெஸ்த்ரேயில் தங்கினால் செலவு குறைவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவுக்குப் போய்விடலாம். போட்டியில்லாத நாள்களில் ஓட ஆசைப்பட்டால் ரியால்த்தோ சந்துகளை விட்டுவிடுங்கள். அங்கே சரக்குத் தள்ளுவண்டிக்காரர்களுக்கே வழி கிடைப்பதில்லை. விடியற்காலை ஜாத்தெரே கரையும், கிழக்குக் கோடியில் சாந்தெலெனா பூங்காவும்தான் உள்ளூர்க்காரர்கள் ஓடும் இடங்கள்.

இன்னொரு செய்தி. பாலங்களில் போட்ட அந்த மரச் சாய்தளங்களை ஓட்டம் முடிந்ததும் பிடுங்கிவிடுவதில்லை. பல மாதங்களுக்கு அப்படியே விட்டுவைக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காரர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாய்மார்களும், முட்டிவலிக்காரர்களும் அதுவரை துணையில்லாமல் அந்தக் கரையில் நடமாடலாம். ஒரு மாரத்தானால் ஊருக்குக் கிடைத்த நன்மை என்று கேட்டால் நான் சுற்றுலா வருமானத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ஆண்டு முழுக்க விட்டுவைத்தால் இன்னும் நல்லது.