உஷார்! திருகோணமலையில் ‘புதையல் பவுண்’ விற்கிறார்கள்

பழைய தங்கக் காசு சேர்க்கிற ஆசை உங்களுக்கு இருக்கிறதா? உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? அப்படியென்றால் இதைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். வாசித்துவிட்டு அம்மா அப்பாவிடமும் சொல்லுங்கள். இந்தக் கள்ளர் வயது போனவர்களையும் தனியே இருப்பவர்களையும்தான் முதலில் தேடி வருகிறார்கள்.

உப்புவெளிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் வேண்டாம், பாவம். கணவர் சேர்த்து வைத்த பழைய நாணயங்களைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்து, பின்னேரங்களில் எடுத்துத் துடைத்துப் பார்ப்பார். வளவு துப்புரவாக்க வந்த பெடியன் அதைக் கண்டுவிட்டான். இரண்டு நாள் கழித்து வந்து, “ரீச்சர், ஒரு சாமான் காட்டட்டோ?” என்று கேட்டிருக்கிறான். சாரத்து மடியிலிருந்து ஈரமண் ஒட்டிய துணியை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு தங்கக் காசு. திரியாய்ப் பக்கம் கிணறு வெட்டும்போது ஒரு முட்டி நிறையக் கிடைத்ததாம்.

“எங்களுக்கு விக்கத் தெரியாது ரீச்சர். நீங்கள் படிச்ச ஆள். இதைக் கொண்டுபோய் உரசிப் பாருங்கோ. காசு ஒண்டும் வேண்டாம்.”

அவர் பத்தரிடம் கொண்டுபோனார். பத்தர் உரைகல்லில் உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, இருபத்திரண்டு கரட் என்றார். பத்தர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு காசு உண்மையான தங்கம்தான்!

அங்கேதான் மாட்டுப்பட்டார்.

முட்டியில் இருக்கிறதாகச் சொன்ன மிச்சக் காசையும் வாங்க முடிவெடுத்தார். தாலிக்கொடி அடகுக்குப் போனது. கனடாவில் இருக்கிற மகனிடம் கூரை திருத்த என்று சொல்லிக் காசு எடுத்தார். பொழுதுபட்ட பிறகு நிலாவெளி வீதியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. கனமான பையொன்று கைமாறியது. “பொலிஸ் வருது, கெதியாப் போங்கோ ரீச்சர்!” எண்ணவும் விடவில்லை, பிரிக்கவும் விடவில்லை. வீட்டுக்கு வந்து குசினி மேசையில் கொட்டினார். ஒரு காசின் விளிம்பை நகத்தால் சுரண்ட, முலாம் செதிலாக உரிந்து வந்தது. உள்ளே பித்தளை. பை முழுக்கப் பித்தளை.

அவர் பொலிசுக்குப் போகவில்லை. புதையல் வாங்கினதற்கு என்னையும் பிடிப்பார்களே என்ற பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் கள்ளர் இந்தத் தொழிலையே நடத்துகிறார்கள். காசு உண்மையென்றால் நீங்கள் குற்றவாளி. பொய்யென்றால் ஏமாளி. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தொல்பொருள், உங்கள் சொந்தக் காணியில் கிடைத்தாலும் உங்களுடையதாகிவிடாது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் தோண்டினால் குற்றம். 1815 மார்ச் 2-க்கு முந்திய நாணயங்களும் அதற்குள் அடங்கும். சோழர் காசு, பறங்கியர் காசு, ஒல்லாந்தர் காசு என்று உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிற எல்லாமே அந்தக் காலத்துக்கு உரியவை! இந்தச் சட்டத்தில் பிடிபட்டால் பிணையில் வெளியே வருவது இலேசான காரியமில்லை. வெளிநாட்டிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வந்துவிட்டு, ஞாபகத்துக்கு ஒரு காசு வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிற பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டின் 73-ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் பழம்பொருட்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

திருகோணமலையில் இந்தக் கதை சுலபமாக எடுபடுகிறது. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கோயில் பொன் எங்கே போனது என்று ஊர் இன்றைக்கும் கதைக்கிறது. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும், கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் கோயில் தூண்களைக் கண்டார்கள். இதையெல்லாம் கள்ளரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். “கோட்டைக்குக் கீழே சுழியோடி எடுத்தது”, “வலையில வந்தது” என்பார்கள். கடலிலிருந்து உண்மையாகவே காசு எடுத்த கதை எப்படி இருந்தது தெரியுமா? 1961-இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாறையருகே வில்சனின் குழு கப்பலொன்றின் காசுகளைக் கண்டெடுத்தது. எல்லாம் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய். பல ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய கட்டிகளாகக் கிடந்தன. சாரத்து மடியில் வரவில்லை.

இனி ஆபத்து அறிகுறிகள்.

முதல் காசை இலவசமாகத் தந்தால், ஓடுங்கள். பத்தரிடம் போன காசும் பைக்குள் இருக்கிற காசும் ஒன்றல்ல. உரைகல் உரசின காசை மட்டும்தான் பரிசோதிக்கும். வயதையும் அது சொல்லாது. 1950, 60களில் பெய்ரூட்டில் அடித்த கள்ள இங்கிலாந்துப் பவுண்கள் உண்மைத் தங்கத்திலேயே அடிக்கப்பட்டவை.

பச்சை பிடித்திருக்கிறதா? செம்பு! பழமைக்கு அடையாளமாக அந்தக் களிம்பைத்தான் காட்டுவார்கள். நல்ல தங்கம் பச்சைக் களிம்பு கட்டாது. பழைய இலங்கைக் கஹவனு தங்கக் காசில் உள்ள அதே நிற்கும் உருவம் பின்னாளில் செப்புக் காசுகளிலும் வந்தது. செப்புக்கு முலாம் பூசினால் புதுக்கண்ணுக்குப் பிடிபடாது.

எடையும் அளவும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். இங்கிலாந்துப் பவுண் 7.98 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீற்றர். அதே அளவில் பித்தளையில் செய்தால் எடை பாதிக்குக் கிட்டத்தான் வரும். எடையைச் சரிக்கட்டத் தடிப்பைக் கூட்டுவார்கள். எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரவில் சந்திப்பு, ரசீது இல்லை, “ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ” என்ற வார்த்தை. இவற்றில் ஒன்று வந்தாலே போதும், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் காசு விற்பதில்லை. “உங்கள் வளவிலேயே புதையல் இருக்கு, பூதம் காக்குது, பூசை செய்ய வேணும்” என்று வருவார்கள். பூசைச் செலவு வாரத்துக்கு வாரம் ஏறும். ஸ்கேனரும் கொண்டுவருவார்கள். தோண்டச் சம்மதித்தால், பிடிபடுகிறபோது காணிக்காரரும் உள்ளே. நம் மாவட்டத்து மண்ணில் போர்க்காலத்து வெடிபொருளும் இருக்கலாம், மறந்துவிடாதீர்கள்! இருட்டில் அலவாங்கு போடுகிற விளையாட்டா அது?

காசு சேர்க்க ஆசையென்றால் சேர்த்து வையுங்கள், தப்பில்லை. பதிவுள்ள கடையில், பகலில், ரசீதோடு வாங்குங்கள். பரம்பரையாக வீட்டில் இருக்கிற காசைப் புளி போட்டு விளக்காதீர்கள், மதிப்புப் போய்விடும். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டுப்பட்டுவிட்டீர்களா? அந்தப் பித்தளையைக் கோபத்தில் கடலில் எறியாதீர்கள், அதுதான் சாட்சி. தொலைபேசி இலக்கங்களை அழிக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், பிள்ளைகள் ஏசினாலும் பரவாயில்லை. ஒரு சட்டத்தரணியைக் கேட்டுக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். அவசரமென்றால் 119. கொஞ்ச நாளில் இன்னொருவன் அழைப்பான். “பொலிசில உங்கட பேர் வந்திருக்கு, கொஞ்சம் செலவழிச்சா எடுத்துவிடலாம்” என்பான். அவனும் அதே கூட்டம்தான். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.