நூறாண்டு வீட்டில் இரண்டு இரவுகள்

விடுமுறைக்குத் தீவு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவன லங்காவியும் ரெடாங்கும்தான். சென்ற ஆண்டு இறுதியில் என் அறைத்தோழி என்னை அழைத்துச் சென்ற தீவோ வேறு மாதிரி. அங்கே கடற்கரை மணலில் தண்டவாள இரும்புகள் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. எதிரிப் படகுகள் கரையேறாமலிருக்க ஒரு காலத்தில் நட்டவை. தீவின் பெயர் கின்மென். நம் நாட்டு ஹொக்கியன் சீனர்கள் அதைக் கிம்மூய் என்பார்கள். என் தோழியின் கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதான் கிள்ளானுக்குக் கப்பலேறினார்.

நாங்கள் தங்கியது ஓட்டலில் அல்ல. செப்பனிட்டு வாடகைக்கு விடப்படும் பழைய வீடு ஒன்றில். அத்தகைய வீட்டில் தங்குவது எப்படி, அவ்வீடுகள் வாடகைக்கு வந்தது எப்படி என்று இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். இரண்டாவது கேள்விக்கே அதிக இடம் தருவேன். காரணம் போகப் போகத் தெரியும்.

கின்மென் தைவானின் ஆட்சியில் உள்ளது. ஆனால் தைவானை விடச் சீனப் பெருநிலத்துக்குத்தான் அருகில். வானம் தெளிந்திருந்தால் சியாமென் நகரக் கட்டடங்களைக் கண்ணால் காணலாம். தைப்பேயிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடகரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் கோடையில் நம்மூர் வெயில்தான். டிசம்பரிலோ வடகிழக்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காற்றை அடக்குவதற்காகவே பல கிராமங்களில் சிங்க முகத்தோடு நிமிர்ந்து நிற்கும் தெய்வத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிவப்புத் துணி போர்த்திய அந்தச் சிலையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தோட்டத்து எல்லை முனீஸ்வரர் நினைவுக்கு வந்தார்.

நாங்கள் தங்கிய சுய்தோவ் கிராமம் படகுத்துறைக்கு அருகில் உள்ளது. சுய்தோவ்க்காரனைப் போல் பணம் சேர்க்கலாம், அவனைப் போல் வீடு கட்ட முடியாது என்று தீவில் ஒரு பழமொழியே உண்டு. அங்கே இரண்டு வகை வீடுகளைக் காணலாம். ஒன்று, செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு கட்டிய தென்புக்கியன் பாணி வீடு. நடுவில் திறந்த முற்றம், முற்றத்துக்கு நேரே முன்னோர் மாடம் உள்ள கூடம், இருபுறமும் அறைகள். சில வீடுகளின் கூரை முனை தகைவிலான் வால் போல் இரண்டாகப் பிரிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். மற்றொன்று, தூண் வரிசையும் வளைவுகளும் கொண்ட மாடி வீடு. மலாக்காவிலோ பினாங்கிலோ பார்த்த முகம் போலத் தோன்றும். தோன்றுவதில் வியப்பில்லை, நம் பக்கம் சம்பாதித்தவர்கள் நம் பக்கம் பார்த்ததைக் கட்டினார்கள். தீவிலுள்ள இத்தகைய மாளிகைகள் சிலவற்றின் முகப்பு உச்சியில் தலைப்பாகை கட்டிய இந்தியக் காவலர் உருவம்கூட உண்டு. சிங்கப்பூரில் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற சீக்கியரைப் பார்த்தவர்கள், தம் வீட்டுக்கும் அப்படி ஒரு காவல் வேண்டுமென்று சுண்ணத்தில் செய்து வைத்தார்கள் போலும்!

எங்கள் வீடு முதல் வகை. வாடகை அறைக் கணக்கில். கூட்டமாகப் போனால் வீடு முழுவதையும் எடுக்கலாம். விழாக் காலத்தில் முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். உள்ளே போனதும் நடத்துநர் ஆன்ட்டி சொன்ன முதல் விதி, வாசற்படியை மிதிக்காதே, தாண்டிப் போ என்பது. எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பாட்டியிடம் வாங்கிய அடி போதும். கழிவறை மட்டும் புதியது. அறையின் ஒரு மூலையைத் தடுத்து அமைத்திருக்கிறார்கள். சன்னல்கள் மிகச் சிறியவை. சுவர் தடிமன், ஆனால் அறைகளுக்கு இடையிலான பலகைத் தடுப்பு மெல்லியது. பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டால் அது உங்கள் குறட்டைதான். இரவில் முற்றத்தைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டும். இவையெல்லாம் குறை என்று நினைப்பவர் இங்கே தங்க வேண்டாம். காலையில் ஆன்ட்டி கஞ்சியும் எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும் கொண்டுவந்து வைத்தார். என் தோழியின் கிள்ளான் ஹொக்கியன் அவருக்கு முழுவதும் புரிந்தது. சந்தையை அவரும் ‘பாசாட்’ என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ‘பாசார்’ கப்பலேறி அங்கே போயிருக்கிறது.

இனி, இவ்வீடுகள் எப்படி வெறுமையாயின என்று பார்ப்போம். வறண்ட மண், பலத்த காற்று. சோளமும் நிலக்கடலையும் தவிர அதிகம் விளையாத தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஆண்கள் சிங்கப்பூர், மலாயா, டச்சு இந்தியத் தீவுகள் என்று புறப்பட்டார்கள். பத்துப் பேர் போனால் ஆறு பேர் சாவார்கள், மூன்று பேர் அங்கேயே தங்குவார்கள், ஒருவர் திரும்புவார் என்பது அக்காலப் பேச்சு. அந்த ஒருவர் கட்டிய வீடுகள்தாம் இவை. சிங்கப்பூரில் பொருளீட்டிய சென் ஜிங்லான் என்பவர் 1921இல் கட்டி முடித்த மாளிகை தீவிலேயே பெரியது. சுய்தோவில் டச்சு இந்தியத் தீவுகளில் பணம் சேர்த்த ஒருவர் 1930களின் தொடக்கத்தில் வீட்டை ஒட்டி நாலு மாடிக் காவல் கோபுரத்தையும் எழுப்பினார். சுடுவதற்குச் சுவரில் துளைகள் உண்டு. வெளிநாட்டுப் பணம் வரும் வீடு எதுவென்று கொள்ளையருக்கும் தெரியுமல்லவா?

1937இல் சப்பானியப் படை வந்தது. மேலும் பலர் தீவை விட்டு ஓடினார்கள். 1949இல் சீன உள்நாட்டுப் போர் முடிந்தபோது தீவு போர்முனையாயிற்று. ஆளில்லா வீடுகளில் படைவீரர்கள் குடியேறினர். 1958 ஆகஸ்டு 23ஆம் நாள் தொடங்கிய பீரங்கித் தாக்குதலில் 44 நாள்களில் ஏறக்குறைய 4,70,000 குண்டுகள் தீவின்மேல் விழுந்தன. அதன் பிறகும் 1979 வரை ஒற்றைப்படை நாள்களில் குண்டுவீச்சு தொடர்ந்தது. இராணுவ ஆட்சி நீங்கியது 1992இல்தான். இத்தனை ஆண்டுகளும் வெளிநாட்டில் இருந்த உரிமையாளர் நினைத்தபோது ஊர் திரும்ப முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். போரும் தடையும் இல்லாதிருந்தால், இவ்வீடுகளில் பாதி எப்போதோ இடிக்கப்பட்டு அடுக்குமாடி ஆகியிருக்கும்.

1995இல் கின்மென் தேசியப் பூங்கா அமைந்தது. காடு, மலைக்காக அன்றி, போர்க்களங்களையும் பழைய கிராமங்களையும் காப்பதற்காக அமைந்த பூங்கா அது. ஆனால் வீடுகள் அரசுடையவை அல்ல. அரசு விலைக்கு வாங்கவும் இல்லை. அங்கேதான் எனக்கு வியப்பளித்த ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர்கள் மனையின் மேற்பரப்பைப் பயன்படுத்தும் உரிமையை 30 ஆண்டுகளுக்குப் பூங்காவிடம் எழுதிக் கொடுக்கிறார்கள். பூங்கா தன் செலவில் ஓடு, உத்தரம், சுவர் எல்லாவற்றையும் பழைய முறைப்படி செப்பனிடுகிறது. பிறகு விண்ணப்பம் கோரி, நடத்துவதற்கு ஒருவரைத் தேர்ந்து வாடகைக்கு விடுகிறது. நமக்குக் கஞ்சி ஊற்றும் ஆன்ட்டி அப்படி வந்தவர்தான். வீட்டின் சொந்தக்காரர் அல்லர். 30 ஆண்டு முடிந்ததும் வீடு குடும்பத்துக்குத் திரும்பும். சொத்து கை மாறுவதில்லை, வீடும் இடிவதில்லை.

கேட்க எளிது. கையொப்பம் வாங்குவதுதான் கடினம். கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று எத்தனை பங்காளிகள் என்று எண்ணிப் பாருங்கள்! அவர்களில் பெரும்பான்மையோராவது இசைந்தால்தான் பூங்கா கை வைக்க முடியும். எங்கள் விடுதியிலிருந்து மூன்று வீடு தள்ளி, கூரை விழுந்து, முற்றத்தில் ஆலமரம் முளைத்து ஒரு வீடு நின்றது. அது என் தோழியின் கொள்ளுத்தாத்தா வீடு. தீவில் இருக்கும் ஒன்றுவிட்ட தாத்தா ஒருவர் பல ஆண்டுகளாகக் கையொப்பம் சேர்த்து வருகிறாராம். ஒரு கிளை சிங்கப்பூரில், ஒரு கிளை சுமத்திராவில், ஒரு கிளை கிள்ளானில். பெரும்பான்மை இன்னும் சேரவில்லை. சொந்த வீடு இடிந்து கிடக்க, மூன்று வீடு தள்ளி நாங்கள் வாடகை கொடுத்துப் படுத்திருந்தோம். முதல் இரவு அவள் அதிகம் பேசவில்லை.

இந்தக் கதை நமக்கும் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார் பணம் செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூண்களாக நிற்கிறது. அங்கும் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒத்துப்போன சில வீடுகள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ஒத்துப்போகாத வீடுகள் சிலவற்றின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. எங்கள் தாத்தா வாழ்ந்த தோட்டத்து லயத்து வீடு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது நிர்வாகத்தின் சொத்து. இடித்தபோது யாரிடமும் கையொப்பம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே இப்போது தாமான் இருக்கிறது. தோழியின் குடும்பச் சிக்கலைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புறப்படும் நாளன்று அந்தத் தாத்தா வந்து படிவங்களை அவள் கையில் கொடுத்தார். கிள்ளானில் இருக்கும் அவள் பாட்டி கையொப்பமிட மறுக்கவில்லை. தாள்தான் இடிக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் அங்கே சீன எழுத்தில் இருக்கிறது. இங்கே இறப்புப் பத்திரத்தில் ஹொக்கியன் ஒலியில், ஆங்கில எழுத்தில், அதுவும் இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாக. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டும். சென்ற வாரம் பழைய சான்றிதழ்களின் நகல் கேட்டு அவளும் நானும் மலாயில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.