ஏற்காட்டில் ஷீட் கூரை போடப் போறீங்களா? ஸ்க்ரூவில் கவனிக்க வேண்டியவை என்ன?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழை விட்டாலும் பனிமூட்டம் சுலபத்தில் விடாது. இங்கே ஷீட் கூரை போடுபவர்கள் ஷீட்டைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். ஆனால், காற்றில் அந்தக் கூரையைப் பிடித்து நிறுத்துவது சில ரூபாய் ஸ்க்ரூதான்.

செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ என்றால் என்ன?

இதன் முனை டிரில் பிட் மாதிரியே இருக்கும். தனியாக ஓட்டை போட வேண்டாம். ஷீட்டையும் அடியில் உள்ள இரும்பு ட்யூபையும் தானே துளைத்து, மரை போட்டு இறுகிவிடும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் முனையின் நீளம். இரும்பை முழுசாகத் துளைத்த பிறகே மரை பிடிக்க வேண்டும். முனை சின்னதாக இருந்தால் ஸ்க்ரூ உடையும் அல்லது முனை கருகும். மரச்சட்டம் என்றால் கூர்முனை ஸ்க்ரூ தனியாக இருக்கிறது. ஈரமான மலைப்பகுதிக்கு மெல்லிய துத்தநாகப் பூச்சு போதாது. கனமான பூச்சாகக் கேளுங்கள். தலைக்கு அடியில் ஈபிடிஎம் ரப்பர் வாஷர் கட்டாயம்.

எப்படி முடுக்குவது?

நேராகப் பிடித்து முடுக்கி, வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் டைட் வைப்போம்’ என்றால் ரப்பர் கிழியும்; தண்ணீர் அங்கேதான் இறங்கும். கூரையின் ஓரத்திலும் முகட்டிலும் காற்று ஷீட்டை மேலே இழுக்கும் என்பதால், அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஷீட் மேல் கிடக்கும் இரும்புத் துகள்களை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள். விட்டுவைத்தால், பனி ஈரத்தில் அவை துருப்பிடித்து புது ஷீட்டில் கறையாகிவிடும்.